பென்சிலக்கா சரிபார்த்த பக்கம்

நாடாளுமன்றத்தில் பேசுகிறவர்களை எல்லோருக்கும் தெரியும். அதை எழுதுகிறவர்களை ஒருவருக்கும் தெரியாது. தொலைக்காட்சியில் அவையைக் காட்டும்போது சபாநாயகரின் இருக்கைக்குக் கீழே ஒரு நீள மேசையும், அதன்மேல் குனிந்த இரண்டு தலைகளும் தெரியும். அமைச்சரைப் பார்க்கிற அவசரத்தில் அந்தத் தலைகளை யாரும் கவனிப்பதில்லை. அதில் ஒன்று என்னுடையது. மற்றது பென்சிலக்காவினுடையது.

நாங்கள் சுருக்கெழுத்து நிருபர்கள். ஐந்து நிமிடம் ஒருவர் எழுதுவார். எழுதி முடித்ததும் பின்னால் இருக்கும் எங்கள் அறைக்குப் போய், கை சூடு ஆறுவதற்குள் அதைத் தட்டச்சு செய்வார். அவர் எழுவதற்கு அரை நிமிடம் முன்பே அடுத்தவர் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட வேண்டும். ஆள் மாறும் அந்த நேரத்தில் ஒரு வார்த்தைகூடத் தவறக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பதினெட்டு வருடமாக அக்காவுக்கு அடுத்த முறை எனக்கு. அந்த அரை நிமிடம் மட்டும் இரண்டு பேரும் ஒரே பேச்சைக் கேட்போம்.

"எல்லாம்தான் ஒலிப்பதிவு ஆகிறதே, நீங்கள் எதற்குத் தண்டமாக?" என்று என் மைத்துனர் கேட்காத வருடம் இல்லை. அவையில் ஒரு நேரத்தில் ஒரு மைக்தான் உயிரோடு இருக்கும். சபாநாயகர் யாரைப் பேசச் சொல்கிறாரோ அவருடையது. குறுக்கே எழுந்து கத்துகிறவர், உட்கார்ந்தபடியே பதில் சொல்கிறவர், அவசரத்தில் முந்திக்கொள்கிற அமைச்சர் இவர்களெல்லாம் ஒலிப்பதிவில் வெறும் இரைச்சலாகத்தான் இருப்பார்கள். அந்த இரைச்சலில் இருந்து வார்த்தையைப் பிடிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அக்காவுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நாங்களெல்லாம் பேனாவுக்கு மாறிய பிறகும் அவர் பென்சிலை விடவில்லை. ஒரு முறைக்கு மூன்று பென்சில், மூன்றும் ஊசி மாதிரி சீவியிருக்கும். நான்காவது கொண்டையில் செருகியிருக்கும். அதை மறந்துவிட்டுப் பேருந்தில் வீடு வரைக்கும் போய்விடுவார். "அக்கா, தலையில என்ன ஆண்டெனாவா?" என்று கேட்டால், "ஆமா, நீ என்னைப் பத்திப் பேசுறதெல்லாம் வீட்டுல இருந்தே கேக்கும்" என்பார். காது அப்படிப்பட்ட காது. அவை முழுக்க ஒரே கூச்சலாக இருக்கும்போது, மூன்றாவது வரிசையில் யார் யாரைத் 'திருடன்' என்று சொன்னார்கள் என்பதைப் பெயரோடு எழுதிவைத்திருப்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை ஒருத்தி, அஞ்சலகத்தில் கவுண்டரில் இருந்தவள், எட்டு வயது இளையவள். அந்தத் தங்கைக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வேலையை விட்டாள். அக்காவின் சம்பளத்தில், அக்காவின் இரண்டு அறை வீட்டில் இருந்தாள். வாரத்தில் மூன்று நாள் அரசு மருத்துவமனையில் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் குடிக்கலாம். அந்த பாட்டிலில் மூன்று கோடு போட்டு, காலை, மதியம், மாலை என்று பிரித்து வைத்திருந்தாள். அவளுக்கு வாய் துடுக்கு. "எங்க வீட்டுல நாந்தான் சிக்கனம். தண்ணியைக்கூட அளந்துதான் குடிக்கிறேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

இனி கேள்விக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் அறையில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பட்டப் பெயர் உண்டு. மூச்சு விடாமல் பேசுகிறவர் எக்ஸ்பிரஸ். நடுநடுவே 'உஸ், உஸ்' என்கிறவர் குக்கர். எதிர்க்கட்சியின் இரண்டாம் வரிசையில் இருந்தவர் கேள்விக்காரர். அரசு செலவு செய்த ஒவ்வொரு காசுக்கும் பதில் கேட்பார். பாலம் கட்டினீர்களே, அதில் வண்டி போகிறதா? பள்ளிக்குக் கழிப்பறை கட்டினீர்களே, அதில் தண்ணீர் வருகிறதா? அமைச்சர்கள் பூசி மெழுகுவார்கள். இவர் விடமாட்டார். எனக்கு அந்த ஆளை முதலிலிருந்தே பிடிக்காது என்று இப்போது சொல்வது சுலபம். உண்மை அதுவல்ல. எங்கள் அறையில் எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. அக்காவுக்கு எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பிடித்திருந்தது.

அவரிடம் ஒரே ஒரு குறை. எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். கோபம் வந்தால் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார். எண்களைக் குழப்புவார். நூற்றுப் பதினான்கைப் பதினான்கு நூறு என்பார். எழுதுகிறவர்கள் கொஞ்சம் திருத்துவது வழக்கம்தான். 'வந்து, வந்து' என்று பத்து தடவை சொன்னால் நாங்கள் ஒன்றைக்கூட எழுத மாட்டோம். அக்கா அதற்கும் மேலே போனார். கேள்விக்காரர் பாதியில் விட்ட வாக்கியத்தை அவர் எப்படி முடித்திருப்பாரோ அப்படி முடித்துவைப்பார். எண்ணைப் பழைய அறிக்கையில் தேடிச் சரியாகப் போடுவார். ஒன்பது வருடம் இப்படி. பிற்பாடு பத்திரிகைகள் எடுத்துப் போட்டுப் புகழ்ந்த பேச்சுகளில் பாதி, அக்கா மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து ஒழுங்கு செய்தவை. நான் ஒரு நாள் சொன்னேன்.

"அக்கா, இது வேண்டாத வேலை. அவர் சொன்னதை எழுதினாப் போதும்."

"அவர் சொல்ல வந்தது நமக்குத் தெரியும்ல. அந்த மனுஷன் யாருக்காகப் பேசுறார்? நமக்காகத்தானே?"

ஒரு முறை கேள்விக்காரரே எங்கள் அறைக்கு வந்தார். திருத்துவதற்காக அனுப்பிய பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, "யார் இதை எழுதினது? நான் பேசினதைவிட நல்லா இருக்கே!" என்றார். நாங்கள் எல்லோரும் அக்காவைக் கை காட்டினோம். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று முழுவதும் தட்டச்சில் பிழையாகவே அடித்தார்.

அந்த வருடம் மருத்துவமனையில் தங்கையின் முறையைக் குறைத்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் இருந்தது இரண்டாயிற்று. பத்து இயந்திரத்தில் ஆறு ஓடவில்லை. பராமரிப்புக்கு ஒரு நிறுவனத்துக்கு முழுத் தொகையும் கொடுத்தாயிற்று. ஆனால் ஆள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது ஷிப்டும் நின்றுபோனது. தங்கைக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். பாட்டிலில் இருந்த மூன்று கோடு இரண்டாயிற்று. வாரத்தில் அந்த மூன்றாவது நாள் வார்டுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

எங்கள் வேலைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. உறுப்பினர்களிடம் நாம் எதையும் கேட்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. மேசையில் உட்கார்ந்தவருக்கு எந்தப் பக்கமும் இல்லை. இருபத்தாறு வருடம் அக்கா அதைக் காப்பாற்றினார். ஒரு நாள் நூலகத்துக்குப் போகும் நடைவழியில் கேள்விக்காரரை நிறுத்தி, தங்கையின் சிகிச்சை அட்டையின் நகலையும், வார்டில் ஓடுகிற, ஓடாத இயந்திரங்களின் பட்டியலையும் கொடுத்துவிட்டார். நான் நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"ஐயா, என் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது."

"என்னம்மா இது, நீங்க சொல்லணுமா? உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சிதான்" என்றார் கேள்விக்காரர். நகலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கேள்வி பட்டியலில் வந்தது. அன்றைக்கு என்று பார்த்து வேறொரு விவகாரத்தில் எதிர்க்கட்சி முழுக்க எழுந்து கத்தியது. கேள்வி நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது மொத்தமாக வெளிநடப்பு. பத்திரிகைக்காரர்கள் மாடத்தைக் காலி செய்துவிட்டு அவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். எதிர்வரிசையில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். கேள்விக்காரர். கட்சிக் கொறடா வாசலில் நின்று கையை ஆட்டிக் கூப்பிடுகிறார். இவர் அசையவில்லை. அதைப் பார்த்து அக்காவின் கண் கலங்கியதை, என் முறைக்காக ஓரத்தில் நின்றிருந்த நான் பார்த்தேன்.

அவர் கேட்டார், வழக்கம்போல எதையும் முடிக்காமல். கொடுத்த பணம் எங்கே, ஓடுகிற இயந்திரம் எங்கே, மூன்று நாள் கிடைத்துக்கொண்டிருந்தவன் இரண்டு நாளில் எப்படி... அதற்குள் சுகாதார அமைச்சர் எழுந்துவிட்டார். வெளிநடப்புச் செய்தவர்களை மட்டம் தட்டிவிட்ட உற்சாகம் அவருக்கு. மைக் கேள்விக்காரரிடமே இருந்தது. அமைச்சர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் கையை நீட்டிச் சொன்னார்: "மூன்று மாதத்துக்குள் அத்தனை இயந்திரங்களும் ஓடும். மூன்றாவது ஷிப்டும் தொடங்கும். இந்த அவைக்கு நான் உறுதி தருகிறேன்."

நான் அப்போதுதான் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. என் தாளில் அதை நான் எழுதவில்லை. அது அக்காவின் முறை, அவர் எழுதிவிட்டார் என்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அந்த முகம் அப்படி இருந்தது.

அமைச்சர் 'உறுதி' என்று சொன்னால் அது சும்மா இல்லை. அவைக்குறிப்பில் ஏறிவிட்டால், அதற்கென்று ஒரு குழு இருக்கிறது, அமைச்சகத்தின் பின்னாலேயே அலையும். எப்போது செய்வீர்கள், ஏன் செய்யவில்லை என்று கடிதம் மேல் கடிதம் போடும். ஏறாவிட்டால் ஒன்றுமில்லை.

அக்கா அன்று மாலை நேராக மருத்துவமனைக்குப் போனார். குறிப்பு வெளியாகும்வரை எழுதியதை வெளியே சொல்லக் கூடாதுதான். இருந்தாலும் வார்டின் நடுவில் நின்று, "மூணு மாசம். மந்திரியே சபையில சொல்லிட்டார். என் கையால எழுதினேன்" என்றார். நோயாளிகளில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் உண்டு. அந்த வார்டுக்கு அவர்தான் தலைவர் மாதிரி. அவர் படுத்தபடியே கை தட்டினாராம். தங்கை, "அக்கா, கொண்டையில பென்சிலோட வந்து நிக்கிற. பாக்குறவங்க உன்னை மந்திரின்னு நெனைக்கப் போறாங்க" என்றாளாம். மறுநாள் அக்கா இதை எனக்குச் சொல்லும்போது இரண்டு தடவை சொன்னார்.

மூன்றாம் நாள் அமைச்சர் அலுவலகத்திலிருந்து திருத்தம் வந்தது. அந்த மூன்று வாக்கியத்தையும் அடித்துவிட்டு, 'இது குறித்துப் பரிசீலிக்கப்படும்' என்று எழுதியிருந்தது. அக்கா சிவப்புப் பென்சிலால் 'ஏற்க இயலாது' என்று போட்டுத் திருப்பி அனுப்பினார். உறுப்பினர்கள் பிழையைத் திருத்தலாம், பொருளை மாற்ற முடியாது. இது எங்கள் வேலையின் அரிச்சுவடி. எங்கள் பிரிவு அதிகாரி நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால் யாரோடும் மோதாதவர். அவர் ஒரு வழி சொன்னார். ஒலிப்பதிவில் அமைச்சர் குரல் தெளிவாக இல்லை. கேள்வி கேட்டவரையே கூப்பிட்டுக் கேட்போம். அவர் கேட்டதாகச் சொன்னால் குறிப்பு அப்படியே நிற்கட்டும்.

எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. அவருடைய வாழ்நாளின் பெரிய வெற்றி அது. அவரா இல்லையென்று சொல்வார்? அக்கா அன்று கொண்டையை அழகாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அதிகாரியின் அறையில் நானும் இருந்தேன், அடுத்த முறைக்காரன் என்பதால். கேள்விக்காரர் வந்தார். அக்காவைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்து உட்கார்ந்தார். பிரதியை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்படி உறுதியா அமைச்சர் எதுவும் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை. பரிசீலிக்கிறேன்னுதான் சொன்னார்."

அக்கா, "ஐயா!" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இவங்க நல்லா எழுதுவாங்க சார், நான் மறுக்கல. ஆனா கொஞ்சம் அதிகமாவே எழுதுவாங்க. என் பேச்சையே எத்தனையோ தடவை நான் சொல்லாததைச் சேர்த்து எழுதியிருக்காங்க. ஒலிப்பதிவை வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க, தெரியும். அதோட இந்த விஷயத்துல இவங்களுக்குச் சொந்த அக்கறை இருக்கு. இவங்க தங்கச்சி அங்கதான் சிகிச்சை எடுக்குறாங்க. என்கிட்ட அந்த அட்டையைக் கொடுத்ததே இவங்கதான்."

சட்டைப் பையிலிருந்து அந்த நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். நாலாக மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது.

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். அறுக்கிறவனுக்குக் கை நடுங்கும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த மனிதருக்குக் குரல்கூட மாறவில்லை. ஒன்பது வருடம் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு இவருடைய நொண்டி வாக்கியங்களுக்குக் கால் வைத்துக்கொடுத்தார் அக்கா. அந்தப் பிரியத்தையே இந்த மனிதர் எடுத்து அவருக்கு எதிராகச் சாட்சியாக நிறுத்திவிட்டார். எழுந்து போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்துல இருந்தீங்களே. அமைச்சர் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

எனக்கு ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. மகளுக்கு அந்த மாதம்தான் நிச்சயம் ஆகியிருந்தது. இதெல்லாம் சப்பைக்கட்டு. நான் பயந்தேன், அதுதான் காரணம். "சத்தமா இருந்துச்சு சார். எனக்குச் சரியாக் கேக்கல" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அதிகாரி இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார். அமைச்சர் திருத்தியபடி அடித்த பக்கத்தின் அடியில் 'மூலக்குறிப்புடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இதோடு முடிந்தது. போடாவிட்டால் உறுப்பினரிடம் தாள் கொடுத்தது, பேச்சை மாற்றி எழுதியது எல்லாவற்றுக்கும் விசாரணை. விசாரணை முடியும்வரை வேலை இல்லை, சம்பளம் இல்லை. இரண்டாவது நாள் மதியம் அக்கா எங்கள் அறையில், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார். பென்சிலால் போட முடியாது. என்னிடம் பேனா கேட்டார். கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கேள்விக்காரர் துணை சபாநாயகர் ஆனார். ஆளுங்கட்சியே அவர் பெயரை முன்மொழிந்தது. அவை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. அன்றைக்குக் கட்சி பேதமில்லாமல் எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நாங்கள் அதையும் எழுதினோம். அடைப்புக்குறிக்குள், மேசையைத் தட்டி ஆரவாரம் என்று. அடுத்த வாரம் நடைவழியில் அக்காவைப் பார்த்தவர் நின்று, "எப்படிம்மா இருக்கீங்க? தங்கச்சி தேவலையா?" என்று கேட்டார். அக்கா தலையை ஆட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. வாயைத் திறக்காத எனக்கு எரிய என்ன உரிமை என்றும் தோன்றியது.

வீட்டில் அக்கா எதையும் சொல்லவில்லை. வார்டில் எல்லோரும் மூன்று மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் இயந்திரத்தின் பக்கத்துச் சுவரில் நாட்காட்டி ஒன்றை மாட்டி ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தார். "இன்னும் நாப்பது நாள்மா. பொறுத்தது பொறுத்தோம்" என்று அக்காவிடமே சொல்வாராம். அக்கா தங்கையை உட்காரவைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொள்வார்.

மூன்று மாதம் முடிந்தது. நின்றுபோன ஆறில் ஒன்றுகூட ஓடவில்லை. இன்னும் ஒன்று நின்றது. ஓட்டுநர் விவரமானவர். அந்த நாளின் அவைக்குறிப்பில் அமைச்சர் கொடுத்த உறுதியின் நகல் வேண்டும் என்று நாடாளுமன்றச் செயலகத்துக்கு மனு எழுதிப்போட்டார். பதிலும் வந்தது, முத்திரையோடு. அப்படி எந்த உறுதிமொழியும் குறிப்பில் இல்லை. சந்தேகம் இருந்தால் பார்த்துக்கொள்ளப் பக்கத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

மறுநாள் காலை அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அந்த மூன்று மாதத்தில் வேலை விஷயம் தவிர என்னிடம் அவர் பேசியதில்லை.

"தம்பி, வார்டுல எல்லாரும் நான் பொய் சொன்னேன்னு நெனைக்கிறாங்க. நீயும் கேட்டல்ல. ஒரு தடவை வந்து சொல்லிடு. அங்க சொன்னா உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

கடைசி வாக்கியத்தை அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் குத்துகிறது.

போனோம். நீளமான கூடம். பத்துச் சாய்வு நாற்காலிகள். ஓடாத இயந்திரங்களின்மேல் துணி போர்த்தியிருந்தார்கள். ஓடுகிற மூன்றில் ஒன்றில் தங்கை. இரண்டு குழாய்கள் அவள் இடது கையிலிருந்து இயந்திரத்துக்குப் போய்த் திரும்பின. முகம் உப்பியிருந்தது. முறைக்காக நாற்காலிகளில் காத்திருந்தவர்களில், அக்கா முன்பு சொல்லக் கேட்ட இரண்டு பேர் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஓட்டுநர் நகலைக் கையில் வைத்திருந்தார். "வாங்க. உங்களை நம்பித்தானே நாங்க வேற எங்கயும் போகாம இருந்தோம்? மறியல் பண்ணலாம்னு சொன்ன ஆளுங்களைக்கூட நாந்தான் அடக்கி வெச்சேன். மந்திரி வாக்குக் கொடுத்துட்டார், பொறுங்கன்னு."

நான் சொன்னேன். அமைச்சர் சொன்னது உண்மை, நானும் கேட்டேன், மூன்று மாதம் என்று கையை நீட்டிச் சொன்னார் என்று சொன்னேன். கேள்விக்காரர் எப்படி மறுத்தார் என்பதையும் சொன்னேன்.

தங்கைதான் கேட்டாள். "அண்ணா, அந்த ரூம்ல உங்களைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்கம்மா."

"என்ன சொன்னீங்க?"

"கேக்கலன்னு சொல்லிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள், எதிர்பார்த்த பதில் என்பது மாதிரி. பிறகு ஓட்டுநரிடம் அந்த நகலைக் காட்டச் சொன்னாள். குழாய் இல்லாத கையால் வாங்கிப் பார்த்தாள். இருபது வருடம் அஞ்சலகத்தில் கையெழுத்துப் பார்த்தே பணம் கொடுத்தவள். பக்கத்தின் அடியில் அவள் பார்வை நின்றது.

"அக்கா, இது உன் கையெழுத்து."

"ஆமா."

"யாராவது உன்னை மாதிரி போட்டாங்களா?"

"இல்லம்மா. நாந்தான் போட்டேன்."

ஓட்டுநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை அவரைக் கையால் நிறுத்தினாள். அக்கா அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"வேலை போயிடும்னாங்க. சம்பளம் இல்லைன்னா உன் ஊசி, மருந்து... நான் வேற என்ன..."

"எனக்காகப் போட்டேன்னு மட்டும் சொல்லிடாதக்கா." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "காலியா கெடக்கு பாரு ரெண்டு நாற்காலி. அவங்க ரெண்டு பேரும் நீ சொன்னதை நம்பித்தான் நாள் எண்ணிட்டு இருந்தாங்க. இந்த மூணு மாசமும் வாரத்துக்கு ரெண்டு தடவை என்னைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தியே, அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லல. என் பேரை அதுல இழுக்காத."

தங்கை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் எழுந்து போக முடியாது. இன்னும் மூன்று மணி நேரம் அந்த இயந்திரம் அவளை விடாது. அதனால் அவள் செவிலியைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், இவங்க ரெண்டு பேரையும் வெளிய இருக்கச் சொல்லுங்க. முடிஞ்சதும் நான் ஆட்டோ பிடிச்சுப் போய்க்கிறேன்."